எங்கள் மலையில் கம்பி கட்டாதே

அன்றைக்கு எங்களுக்குக் காட்டோரத்து மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் ஆக மேலே இருப்பது அது; அதற்கு அப்பால் காடு. மழை விட்டிருந்தது. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு ஏறினோம். எல்லாரும் பெண்கள், கங்காணி ஒருவர்தான் ஆண்.

மேல் நிரை எனக்கு விழுந்தது. காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் போனபோது செடிகள் கிடந்த கோலத்தைப் பார்த்தேன். வட்டம் போட்டாற்போல ஒரு இடத்தில் தேயிலையெல்லாம் கடிபட்டு, பிய்ந்து, வேர் தெரியக் கிடந்தது. மண்ணை யாரோ மண்வெட்டியால் கொத்தின மாதிரி இருந்தது. என்ன இது என்று குனிந்தேன். மரம் அறுக்கும் வாளை இழுப்பது போல ஒரு சத்தம் கானுக்குள் இருந்து வந்தது.

புலி. சிறுத்தையைத்தான் நாங்கள் புலி என்போம். இடுப்பில் சுருக்குக் கம்பி இறுகி, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தது, முடியவில்லை. நான் கத்தவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு நாலு நிரை கீழே சரிந்து வந்து விழுந்தேன்.

கங்காணி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து இறங்கினார்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க. எல்லாரும் எறங்குங்க, வேற மலைக்குப் போவோம்."

"அப்ப அது?" என்று கேட்டேன்.

"அது தன்னால செத்துப்போகும். பொலிஸ் வந்தா கம்பி கட்டுனது யாருன்னு நாம குடியிருக்கிற லயத்தையே கொடஞ்சிருவான். ஒனக்கு வேணுமா?"

இதே கானில், போன மழைக்கு முன்னால், எங்கள் கூட்டத்தில் ஒருத்தி கம்பியில் கால் மாட்டி விழுந்தாள். முதுகில் கூடை நிறையக் கொழுந்து, பாரம் தாங்காமல் கையை ஊன்றி மணிக்கட்டு உடைந்தது. அன்றைக்கும் கங்காணி இதையேதான் சொன்னார், வாயைத் திறக்காதீங்க என்று. நாங்களும் திறக்கவில்லை. அவள் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். பன்றிக்குக் கட்டிய கம்பியில் மனுஷி விழுந்தாலும் பேசக்கூடாது, புலி விழுந்தாலும் பேசக்கூடாது. இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை உண்டு. வனவிலங்குகளைப் பாதுகாக்கிறோம் என்று இங்கிலீஷிலும் சிங்களத்திலும் எழுதி, கீழே ஒரு டெலிபோன் நம்பர் போட்டிருக்கும். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தியைப் போனில் கூப்பிட்டு அந்த நம்பரை வாசிக்கச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாதவர்கள் குறைவு. கஹவத்தைக்குப் போகிற பஸ், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். ஆனாலும் வெளியாட்களிடம் புலி என்ற சொல் எங்கள் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. யுத்த காலத்தில் அந்தச் சொல்லைப் பஸ்ஸில் சத்தமாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் போனில் ரொம்பக் கவனமாக 'திவியா' என்று சொன்னேன், சிறுத்தைக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். அந்தப் பக்கம் கேட்டவர், பேசுவது யார் என்று விசாரித்தார். கங்காணி எனக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டி, போனைக் கொடு கொடு என்று சைகை காட்டினார். நான் திரும்பி நின்றுகொண்டு என் பேரையும் அப்பா பேரையும் லயத்தையும் சொன்னேன்.

வனஜீவி இலாகா ஆட்கள் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்கள். ஊசி வைத்த துப்பாக்கியால் சுட்டு மயக்கினார்கள். கம்பியைக் குறட்டால் வெட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன், போகச் சொன்னார்கள், போகவில்லை. தோல் அறுந்து உள்ளே சதை தெரிந்தது. அப்போதுதான் கம்பியைச் சரியாகப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி. சுருக்கு இறுக்கமாக நழுவுவதற்கு அதில் ஒரு நட்டு கோத்திருந்தது.

அந்த மாதிரி நட்டு கோத்துக் கட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். என் புருஷனுடைய தம்பி. லயத்தில் எங்கள் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, அடுத்த காம்பரா. முக்கால்வாசி நாள் சோறு என் வீட்டில்தான்.

கூண்டில் கொண்டுபோன புலி மூன்றாம் நாள் செத்துப்போனது. உள்ளே எல்லாம் நசுங்கிவிட்டதாம். செத்த படம் போனில் போனில் சுற்றியது. அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை என் மகள் வாசித்துக் காட்டினாள். தோட்டத்து ஆட்களுக்கு மிருகம் என்றால் இறைச்சிதான், அவர்களைக் காட்டுப் பக்கமே விடக்கூடாது, இப்படி. விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரு தோட்டத்து ஆள்தான் என்று ஒருவரும் எழுதவில்லை.

பொலிஸும் வந்தது. முதல் லயத்தில் இரண்டு பேரை விசாரிக்கக் கூட்டிப்போய்ப் பொழுது சாய விட்டார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் இதில் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக் கரையில் நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். "இவ போன் பண்ணாம இருந்தா இவ்வளவு வந்திருக்குமா" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும்படியே சொன்னார்கள்.

பொலிஸ் வந்துபோன அன்று கொழுந்தன் சாப்பிட வந்தான். தட்டைப் போட்டேன், சோற்றைப் போடவில்லை.

"ஒங் கம்பிதானே?"

அவன் அண்ணனைப் பார்த்தான். என் புருஷன் தரையைப் பார்த்தார்.

"பன்னிக்குக் கட்டுனது அண்ணி. புலி வரும்னு நான் கண்டேனா? மரவள்ளி, வத்தாளங்கிழங்கு ஒண்ண விடுதா அந்தப் பன்னி? நட்டதெல்லாம் தோண்டிப் போட்டுட்டுப் போவுது. துரை வந்து காவல் நிப்பாரா?"

"காவலுக்குக் கட்டுறவன் கொல்லை ஓரத்துல கட்டணும். நீ கட்டுனது காட்டுக் கானுல. பன்னி விழுந்தா எறச்சி டவுனுக்குப் போவுது. எனக்குத் தெரியாதா?"

"அது ஒங்களுக்கு எதுக்கு?"

"அந்த மலையில நிக்கிறது யாரு? நீயா? நாங்க. காலைல இருந்து பொழுது சாயிற வரைக்கும் அந்தக் கானத் தாண்டித் தாண்டிக் கொழுந்து எடுக்கிறது நாங்க. ஒருத்திக்குக் கை ஒடஞ்சுது, அப்பயும் நீ வாயத் தொறக்கல. இனிமே மலையில கம்பியக் கண்டா புடுங்குவேன். ஒன்னுதுன்னும் பாக்க மாட்டேன்."

"புடுங்கிப் பாருங்க அண்ணி," என்றான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பி பிடுங்க நான் தனியாக மலைக்குப் போவதாகத்தான் இருந்தேன். லயத்து முனையில் கை உடைந்தவள் நின்றாள். கட்டுப் பிரித்து ரொம்ப நாளாகவில்லை. "வலது கை நல்லாத்தான் இருக்கு. வா," என்றாள். போகிற வழியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தியின் புருஷனும் கம்பி கட்டுகிறவன்தான். அவன் கட்டுகிற இடங்களை அவளே காட்டினாள். கானில், மானாப் புல்லுக்குள், காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் என்று எங்கே பார்த்தாலும் கம்பி. ஒன்றில் ஒரு முள்ளம்பன்றி காய்ந்து கிடந்தது. இவ்வளவு கம்பிக்கு நடுவிலா தினமும் நடக்கிறோம் என்று கை உடைந்தவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழும்பி எங்களைவிட வேகமாக அறுத்தாள்.

அடுத்த வாரம் என் வீட்டுக் கொல்லையில் இருந்த மரவள்ளி முழுக்கப் பிடுங்கிக் கிடந்தது. பன்றி தோண்டியிருந்தால் மண் கிளறிக் கிடக்கும், கிழங்கு மிஞ்சாது. இது கையால் பிடுங்கி வரிசையாகப் போட்டது. நான் பார்க்கவேண்டும் என்றுதான் வரிசையாகப் போட்டிருந்தது. கிழங்கை எல்லாம் அவித்தேன். சம்பல் அரைத்து, லயத்து வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மறுநாள் வேலை விட்டு வந்து பார்க்கிறேன், என் புருஷன் தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி ஊன்றிக்கொண்டிருந்தார். அவர் தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுத்த கம்பிகளைச் சாக்கில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோனோம். தோட்டத்து மேனேஜர் துரை வெளியே வந்து பார்த்தார். நல்ல வேலை, ஆனால் இதை வெளியே பேசவேண்டாம், வனவிலங்கைக் காப்பதாகத் தோட்டத்துக்குக் கிடைத்திருக்கிற சான்றிதழுக்குக் கெடுதல் வந்துவிடும் என்றார்.

"பேசலீங்க துரை. பன்னிக்கு ஒரு வழி சொல்லுங்க, பேசாம இருக்கோம்," என்றேன். "பழைய கூரைத் தகரம் தொழிற்சாலைக்குப் பின்னால துருப்பிடிச்சுக் கெடக்கு. அதக் குடுத்தீங்கன்னா கொல்லையச் சுத்தி அடச்சுக்குவோம். அது கெடச்சா கம்பி கட்ட ஒருத்தனுக்கும் சாக்கு இருக்காது."

பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கம்பிச் சாக்கை ஆபீஸ் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

அந்த மாதத்திலேயே கீழ்க் கிராமத்து மண்டபத்தில் கூட்டம் நடந்தது. காட்டைப் பாதுகாக்க ஊர் மக்கள் குழு அமைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கு அழைப்பு இல்லை. நாங்கள் நாலு பேரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் அந்தப் புலியின் படத்தைக் காட்டினார். தோட்டத்து மக்களுக்கு அறிவூட்டவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு குழுவுக்குப் பேர் எடுத்தார்கள். கிராமத்து ஆட்கள், பன்சலை என்கிற புத்த கோயிலில் இருந்து ஒருவர், கிராம சேவகர். முடிந்தது.

எழுந்து நின்றேன். அன்றைக்குச் சிங்களத்தில் நான் சொன்னது இதுதான்.

"மாத்தயா, அந்தப் படத்துல இருக்கிறதக் கண்டு போன் பண்ணினது நான்தான். இவங்க என்னோட கம்பி அறுக்கிறவங்க. எங்க லயத்துலயும் கம்பி கட்டுறவன் இருக்கான், என் வீட்டுலயே இருக்கான், அத மறைக்க நான் வரல. ஆனா காட்டுக்கு ஆகக் கிட்ட இருக்கிறது எங்க லயம். நாங்க குடிக்கிற தண்ணி அந்தக் காட்டுல இருந்து வருது. ஊர் மக்கள்னு சொல்றீங்களே, நாங்க எந்த ஊர்?"

முன்வரிசையில் ஒருவர் திரும்பி, லயத்தில் இருப்பவர்களுக்குச் சொந்தக் காணி இல்லையே, எப்படிக் குழுவில் போடுவது என்று கேட்டார்.

"காணி இல்லதான். அது எங்க குத்தமா? எங்க தாத்தா இங்க பொறந்தாரு, அப்பா இங்க பொறந்தாரு, நானும் இங்கதான். காணி குடுங்க, இல்லன்னா காணி இல்லாமலே எழுதுங்க. எழுதாமப் போகமாட்டோம்."

அப்போது கிராமத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். றப்பர் பால் வெட்டுகிறவள், பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், பேசினதில்லை. எங்கள் றப்பருக்குள்ளும் கம்பிதான், என் நாய் அதில்தான் செத்தது, கட்டினது தோட்டத்து ஆள் இல்லை என்றாள். யார் கட்டினது என்று அவள் சொல்லவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள்.

எங்களில் இரண்டு பேரைக் குழுவில் எழுதினார்கள். நானும் கை உடைந்தவளும். கூட்டத்துக்குக் கூட்டம் தேநீர் ஊற்ற எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை ஊற்றினோம், இரண்டாவது தடவை உட்கார்ந்தே இருந்தோம். கடைசியில் கிராம சேவகரே எழும்பி ஊற்றினார். குழுவில் இருந்து கடிதம் போன பிறகு துரை தகரத்தைக் கொடுத்தார். பாதிக் கொல்லைகளுக்குத்தான் போதுமாக இருந்தது. அடைத்த கொல்லைக்குள் பன்றி வருவதில்லை. அடைக்காதவர்கள் இன்னும் என்னைத்தான் திட்டுகிறார்கள், இருக்கிற பன்றியெல்லாம் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டதாம். அவர்களுக்கும் தகரம் வாங்காமல் விடப்போவதில்லை.

கொழுந்தன் இப்போது இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலைக்குப் போகிறான். லீவில் வந்தால் அண்ணனோடு பேசுவான். என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் அனுப்புகிறேன், தட்டு கழுவித் திரும்பி வருகிறது. மன்னிப்புக் கேட்டு நான் போகமாட்டேன். கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

போன வாரம் அதே காட்டோரத்தில் புதுக் கம்பி ஒன்றைக் கண்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. கூடையை இறக்கினோம். கங்காணி கீழே இருந்து கத்தினார்.

"வேல நேரத்துல என்ன இது? எல்லாருக்கும் அரைப்பேர்தான் போடுவேன்!"

அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று அர்த்தம். முன்பெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு மொத்த மலையும் குனிந்துவிடும்.

"போடுங்க," என்றாள் ஒருத்தி. அவள் அன்றுவரை எங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வராதவள். "எனக்கும் போடுங்க," என்றாள் இன்னொருத்தி. நிரை நிரையாக அந்தச் சொல் மேலே ஏறி வந்தது. நான் குறட்டால் கம்பியை வெட்டினேன். பிறகு எல்லாருமாகக் கான் நெடுக நடந்து, வேறு இருக்கிறதா என்று புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தோம்.