நான் சாட்சி சொன்ன லோடு

எனக்கு வயது எழுபத்து மூன்று. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் என் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு.

வெண்ணந்தூர் போகும் வழியில், பாலத்தை ஒட்டி எங்கள் வீடு. பாலம் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க ஓர் இன்ஜினியர் பெண் கேமராவோடு வந்தாள். பாலத்தின் பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாள்களை ஒட்டிவிட்டு, எங்கள் வாசலில் கேமராவை நிறுத்தினாள். தரை அதிர்ந்தால் கணக்குத் தப்பும் என்றதால் ஆடுகளைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். தினமும் நான் நடக்கிற பாலம் தூளிபோல அசைந்தது.

முழு லோடு ஏற்றிய லாரி ஒன்று பாலத்தைக் கடக்க வேண்டும் என்றாள். ஜல்லி லாரி ஓட்டும் என் கடைசி மகன் தன் லாரியையே தருவதாகச் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. லாரி வந்தது, மேலே ஜல்லி குவிந்திருந்தது. எடைச் சீட்டைக் காட்டினான். சீட்டில் தேதி மங்கலாக இருந்ததால், இது இன்றைய லோடுதானா என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எம்பையன் லோடுங்க. நாஞ் சொல்றேன், எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டாள். பாலம் தாங்கும் என்று முடிவு வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொட்டகைக்குப் பின்னால் உமி மூட்டைகள் அடுக்காகக் கிடப்பதைப் பார்த்தேன். கோழிப்பண்ணைக்குப் போகிற உமி. சாக்கெல்லாம் ஜல்லித் தூள். அடியில் உமியை அடுக்கி, மேலாக மட்டும் ஜல்லி கொட்டியிருக்கிறான். எடைச் சீட்டும் என்றைக்கோ போட்ட பழைய சீட்டாம். கேட்டதற்கு, பாலம் ஆடுகிறதென்று தெரிந்தால் லோடு லாரியை விடமாட்டார்கள், ராசிபுரம் சுற்றித்தான் போக வேண்டும் என்றான்.

"உம்புள்ள பள்ளிக்கூட வேன்ல அதுமேலதானடா போறா? இந்தப் பொய்க்கு என்ற வாய்தான் கெடச்சுதா?"

"நீ சொன்னாத்தானம்மா அந்த இன்ஜினியர் புள்ள நம்பும்" என்றான்.

பொய் சொல்லக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அது தெரிந்துதான் என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பு என்றேன். மறுபடி வந்தாள். இந்த முறை எடைமேடையிலிருந்தே வேறொரு லோடு லாரியோடு வந்தாள். நடுப்பகுதி ரொம்ப ஆடுவது கேமராவில் தெரிந்தது. இப்போது லோடு லாரிகளை விடுவதில்லை. பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவன் டீக்கடையில் சொல்கிறானாம். என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. சோற்றுத் தட்டோடு லாரியில் ஏறிக்கொள்கிறான்.

இதோ, அவன் மகள் பக்கத்தில் இருக்கிறாள்.

"சாமி, இத மொதல்ல இருந்து படி. உங்கப்பன் வாசல்லதான் இருக்கான், சத்தமாவே படி."