ஒரு சொட்டு ஸ்பிண்டில் எண்ணெய்

மில்லை மூடிய பிறகு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் அப்போது அப்படித்தான் கிடந்தார்கள். சிலர் குடிக்கப் போனார்கள். இவர் அதுகூடச் செய்யவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், சோற்றை இரண்டு பக்கமும் ஒதுக்கி வைப்பார், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார். அதே மில்லில் வேலை பார்த்த ஒருவர் தன்னை முடித்துக்கொண்டார் என்று செய்தி வந்த நாளிலிருந்து, குளிக்கப் போனால்கூட என் காது வீட்டுக்குள்தான் இருக்கும்.

மில்லில் அவர் ஃபிட்டர். நூல் சுற்றும் ஸ்பிண்டில்கள் வரிசை வரிசையாகச் சுழலும் பகுதியில் வேலை. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் எந்த ஸ்பிண்டில் முனகுகிறது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார் என்பார்கள். அப்படிப்பட்ட காது, வீட்டில் நான் கூப்பிடுவதைக்கூட வாங்கிக்கொள்ளாமல் கிடந்தது. எனக்கு எரிச்சல் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒளிப்பானேன். ஆனால் அந்த முதுகைப் பார்த்தால் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். சென்னையில் இருந்த என் தம்பி, அவன் ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை லாரியில் போட்டு அனுப்பினான். தமிழ் எழுத்துக் கோக்கப் பழகிக்கொண்டு, கல்லூரிக்காரர்களின் ஆய்வேடுகளை முன்னறையில் உட்கார்ந்து அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அடுப்பு எரிந்தது அதில்தான்.

ஒருநாள் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. ஜங்ஷனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இன்றைக்கு வாங்க, நாளைக்கு வாங்க, மெட்ராஸிலிருந்து பார்ட்ஸ் வரணும் என்று அந்தக் கடைக்காரர் என்னைச் செருப்புத் தேய நடக்கவிட்டார். ஒருவழியாக வீட்டுக்கு வந்து போட்டபோது படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். போட்டவுடன் திரையில் மெமரிக் கணக்கு எண்ணாக ஓடி நிற்கும். எப்போதும் வந்து நிற்கும் எண்ணில் பாதியிலேயே அது நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அந்த எண் ஓடும் டிக்டிக் சத்தத்தைப் படுத்தபடியே தினமும் கேட்டிருந்த அவருக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த மெமரி அட்டையில் ஒன்றை உருவிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். கடைக்குப் போய்க் கேட்டோம். முதலிலேயே அவ்வளவுதான் இருந்தது என்று கடைக்காரர் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் குனிந்து, மாதக்கணக்கில் பேசாத மனுஷன் பேசினார்.

"இனிமே இத எவன் கையிலயும் குடுக்கண்டாம். நான் பாக்குதேன்."

பார்த்தார். பென்சில் அழிக்கும் ரப்பரால் அட்டைகளின் பல்வரிசையைத் தேய்த்துத் துடைத்தால் செத்த கம்ப்யூட்டர் பிழைக்கும் என்று கண்டுபிடித்தார். உள்ளே இருந்த குட்டி மின்விசிறியைக் கழற்றித் தூசி தட்டி மாட்டினார். கீபோர்டில் சிக்கிய எழுத்துகளைப் பிரித்து வெயிலில் காயவைத்து அடுக்கினார். முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். தெருவில் ரேடியோ, இஸ்திரிப் பெட்டி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். திட்டிக்கொண்டே செய்து கொடுப்பார். ரசத்துக்கு உப்பில்லை என்று என்னிடம் சண்டை போட்டார். அந்தச் சண்டைக்கு நான் சாமிக்கு விளக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டர் ஏதாவது சின்னதாக மக்கர் பண்ணினால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்த ஐப்பசியில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்த ஒரு டீச்சரின் ஆய்வேடு என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தால்தான் அவருக்கு வேலை நிரந்தரமாகும். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் சொல்லச் சொல்ல நான் திரையிலேயே திருத்துவேன். அத்தனை திருத்தமும் மெஷினுக்குள்தான். பிளாப்பியில் எடுத்து வைத்ததெல்லாம் அடைமழை ஈரத்தில் பூசணம் பூத்துத் திறக்காமல் போயிருந்தது.

ஒரு காலையில் போட்டதும் உள்ளே டக், டக் என்று சத்தம். திரை கறுப்பாகவே நின்றது. அடுப்படியிலிருந்து நான் வருவதற்குள் என் வீட்டுக்காரர் பெட்டியின் மேல் காதை வைத்திருந்தார்.

"பேரிங் போயிட்டு ட்டீ. ஸ்பிண்டில் சத்தமேதான் இது."

கடைக்குக் கொண்டு போயிருவமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பழைய சுவர் தெரிந்தது. கடைப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். என் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மில்லில் முனகும் ஸ்பிண்டிலுக்கு ஒரே வைத்தியம்தான்: கழற்று, துடை, எண்ணெய் விடு, மாட்டு. வாழ்நாளெல்லாம் அவர் கை செய்தது அது. எழுத்தெல்லாம் தங்கியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி. அதன் திருகுகள் வேறு மாதிரி, எந்த ஸ்க்ரூடிரைவரும் பிடிக்கவில்லை. ஒன்றை அரத்தால் ராவி அதற்கேற்ற மாதிரி தானே செய்துகொண்டார். மூடியைத் திறந்தபோது உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தகடு. குனிந்து பார்த்த எங்கள் இரண்டு முகமும் அதில் தெரிந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். பஞ்சு வேஸ்ட்டால் தகட்டை மெல்லத் துடைத்தார். மில்லிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஸ்பிண்டில் எண்ணெயில் ஒரு சொட்டை நடுவில் விட்டார். மூடினார்.

போட்டதும் சிலேட்டில் ஆணியால் கீறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

வேறு வழியில்லாமல் அதே ஜங்ஷன் கடைக்குப் போனோம். அந்தப் பெட்டியை நியூஸ் பேப்பரில் சுற்றி அவரேதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெயைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் எடுக்க முடியாது, புதிதுதான் போடணும் என்று சொல்லிவிட்டு மூடினார். கிளம்பலாம் என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன். அவர் நகரவில்லை.

"திறக்காமக் கொண்டாந்திருந்தா?"

"எடுத்திருக்கலாம் அண்ணாச்சி. இந்தச் சத்தம் வந்த பொறவும் ஒரு தடவ ரெண்டு தடவ ஓடும். அதுக்குள்ள வேற டிஸ்க்ல மாத்திருவோம். திறந்தாத் தூசி ஒண்ணு போதும், போச்சு."

பிள்ளை மேல் பொய்ச்சத்தியம் செய்த வாய் அது. எங்களிடம் உண்மை பேச அதற்கு அன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? எப்படியும் போயிருக்கும் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாவிக்கு என்ன குறைந்திருக்கும்? இன்றைக்கும் அந்தக் கடை வழியாகப் போனால் எனக்கு வயிறு எரிகிறது. மெமரியைத் திருடினதற்காக இல்லை.

டீச்சரிடம் தானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குத் தனியாகப் போனார். டீச்சர் திட்டுவார், இவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார், அத்தோடு மனசு ஆறும் என்று நினைத்தேன். அந்த டீச்சர் திட்டவில்லை. நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீய அண்ணாச்சி என்று சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாராம். வந்து இவ்வளவையும் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

புது டிஸ்க்கைக் கடையில் போட்டு வாங்கி, பழைய அச்சுத் தாள்களை வைத்துக்கொண்டு நானும் டீச்சரும் மறுபடி அடித்தோம். எவ்வளவு அடித்தும் தேதிக்குள் முடியவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். போகும்போது எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் போனார், சிரித்த முகமாக.

வேலை பழையபடி வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் முன்னறைக்கு வருவதில்லை. கம்ப்யூட்டர் நின்றால் நான் வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லுவேன். கேட்காத மாதிரி இருந்துவிடுவார். தெருக்காரர்கள் கொண்டுவந்த ரேடியோக்களைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தார். கை நடுங்குது என்று காரணம் சொன்னார். நடுங்கவில்லை, நான் பார்த்தேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள், மிக்ஸி ஓடவில்லை. பிளக்கில் ஒரு வயர் விலகியிருந்தது. எனக்கே தெரியும், ஒரு திருகை முடுக்கினால் போதும். இருந்தாலும் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஸ்க்ரூடிரைவரையும் பக்கத்தில் வைத்தேன். தேங்காய் அரைக்கணும், சீக்கிரம் பாருங்க என்றேன். அவர் பிளக்கைக் கையில் எடுத்தார். விலகின வயரைப் பார்த்தார், பெருவிரலால் அதைத் தொட்டார். பைய அதைக் கீழே வைத்தார்.

"கடையில குடுத்துரு ட்டீ."

எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள் நான். அன்றைக்கு மிக்ஸியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.