மூன்றாம் பாகத்தில் எனக்கு வேலையில்லை

கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக உங்கள் அப்பா நான் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிப்பீர்கள். பட்டேன். நீங்கள் பிறப்பதற்கு முன்பு நடந்தது.

அப்போது எனக்குப் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் வேலை. முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். பக்கத்து மிஷினில் நின்ற நண்பனும் நானும் கை எண்ணெயைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓசூர் ரோட்டு பிரௌசிங் சென்டருக்கு ஓடுவோம். அங்கே நான்கு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர், எதிரே இரண்டு பேர். ஊர் கட்டி, பயிர் வைத்து, படை திரட்டி, எதிரியின் கோட்டையை இடிக்கிற விளையாட்டு. அதன் இரண்டாம் பாகத்தில் எங்கள் ஜோடியை யாரும் லேசில் ஜெயித்ததில்லை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் படையே வைக்கமாட்டேன். வயல் போடுவேன், மரம் வெட்டுவேன், தங்கம் தோண்டுவேன். எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பிவிடுவேன். சண்டை அவன் வேலை. "குரு, சோறு!" என்று கத்துவான். இங்கே பெங்களூரில் கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். கத்தி முடிப்பதற்குள் தானியம் போய்ச் சேர்ந்திருக்கும். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஒரு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று கடைக்காரர் சொன்னதிலிருந்து நாள் எண்ணினோம். வந்தது. படம் கண்ணைப் பறித்தது. தண்ணீரில் கோட்டையின் நிழல்கூட ஆடியது. ஆனால் வயலே இல்லை. தானியம் தானாக ஏறியது. ஒருவர் மற்றவருக்கு எதையும் அனுப்ப வழியில்லை. அவரவர் படை, அவரவர் சண்டை. எனக்குச் சண்டை போடத் தெரியாது. முதல் ஆட்டத்தில், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் என் ஊர் சாம்பல்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? பயிர் வெக்கத் தெரியாதவன் செஞ்சிருக்கான்" என்றேன். நண்பன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான்.

அடுத்த வாரம், ஆடவே மாட்டேன் என்று நின்றேன். நான் நின்றால் அவனும் நிற்பான், பழைய பாகத்துக்கே திரும்பலாம் என்று நினைத்தேன். அவன் நிற்கவில்லை. பிஜி என்கிற சாப்பாட்டோடு சேர்ந்த வாடகை விடுதியில் தங்கியிருந்த ஒரு கோயம்புத்தூர்க்காரன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, இஸ்திரி போட்ட சட்டை.

"ஏனுங்ணா, என்ற குதிரையெல்லாம் காணமுங்க!"

"நல்லாத் தேடு குரு, உன் பிஜி குருமாவுல கெடக்கும்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைக் கூப்பிடுகிற அதே குரு. என்னோடு ஆடும்போது அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது.

அந்தக் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பக்கத்தின் திரையைப் பார்த்தவன், ஆட்டம் முடியும்வரை எதிர்ப்பக்கம் போகக்கூடாது. எவ்வளவு சச்சரவு வந்தாலும் அதை யாரும் மீறியதில்லை. நான் மீறினேன். நண்பன் வடக்குக் காட்டில் படையை ஒளித்து வைத்திருந்தான். அதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எதிர்ப்பக்கம் போனேன். அங்கே ஆடிய இரண்டு மெக்கானிக்குகளிடம், "வடக்கால காட்டைப் பாருங்க" என்று கிசுகிசுத்தேன்.

சற்று நேரத்தில் அவன் படை அழிந்தது. நண்பன் திரையைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற என்னைப் பார்த்தான். எழுந்து வெளியே போனான். பின்னாலேயே ஓடினேன்.

"ஆட்டம் மட்டம்டா. அந்தக் கடுப்புலதான்..."

"மட்டம்தான். எனக்கும் புடிக்கல."

தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் எதுக்குடா தெனமும் ஆடுற?"

"அவன்கூடத் தோத்தாலும் சிரிச்சுட்டு வரேன். உன்கூட ஜெயிச்சா, எவ்ளோ சோறு அனுப்பினேன்னு வீடு வரைக்கும் சொல்லிக் காட்டிட்டே வருவ. மொதல்ல உள்ள போய் அவன்கிட்ட சொல்லு. அப்புறம் எங்கிட்ட பேசு."

அதுவரை என் கோபத்துக்கெல்லாம் மூன்றாம் பாகம்தான் காரணம் என்று நம்பியிருந்தேன். இனி அப்படிச் சொல்ல முடியவில்லை.

உள்ளே போய், காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். கோயம்புத்தூர்க்காரன் என்னை ஒரு கணம் பார்த்தான். "செரி, உக்காருங்க. எதிர்ப்பக்கம் ஒருத்தர் கெளம்பிட்டாருங்க" என்றான்.

நண்பனும் உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். முதல்முறையாக அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். தோற்றேன். திரைகளுக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதும் எரியத்தான் செய்தது. ஆட்டம் முடியும்வரை எழுந்து போகவில்லை.