சத்தம் கேட்டால் கனவு

இஸ்திரிப் பெட்டியை அதன் இரும்புத் தட்டின்மேல் 'ணங்'கென்று வைத்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறாள். சட்டை வாங்க வந்தவர் கையை நீட்டியபடி காத்திருக்கிறார். தெருவில் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே பின்னால் நகர்கிறது. பக்கத்துக் கடையில் ஷட்டரை இழுத்து மூடுகிறார்கள். இதில் எதுவும் அவள் காதுக்கு எட்டவில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொள்கிறாள்.

"ஒண்ணும் கேக்கல. முழிச்சுத்தான் இருக்கேன்" என்கிறாள், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில். "இந்தாங்க சார் சட்டை. காலர் நைஞ்சு போச்சு. வீட்டுல சொல்லி வேற வாங்குங்க."

அந்த லாண்டரிக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் சத்தக்காரம்மா கடை. காது கேட்காதவளுக்கு வந்து வாய்த்த பெயரைப் பாருங்கள். தன் குரல் தனக்கே கேட்காததால், எவ்வளவு உயர்த்திப் பேசுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. பெயர் மட்டும் தெரியும். யாரோ சொன்னபோது உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். கோபமில்லை. "இருக்கறதைத்தானே சொல்றாங்க."

மகளுக்கு முன்பல் விழுந்திருந்த வயதில் இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது இரண்டு காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பல் போன இடத்தில் காற்று புகுந்து புகுந்து வரும் ஒரு குழந்தைக் குரல்தான் அவளிடம் மிச்சம். அந்தக் குழந்தை இன்று கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். முகம் தெரியாதவர்களோடெல்லாம் நாள் முழுக்கப் பேச்சு. அதை நினைத்தால்தான் தாய் புலம்புவாள்.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் ஓசியில கேக்கறான். பெத்தவளுக்குக் கொடுத்து வைக்கல."

கனவில் மட்டும் அவளுக்குக் காது உண்டு. அங்கே மகளும் வருவாள். நெடுநெடுவென்று வளர்ந்த மகள். வாயைத் திறந்தால் அதே பல் விழுந்த குரல். கனவில் அது வினோதமாகவே தோன்றாது. விழித்த பிறகுதான் தலையணை நனையும்.

ஒரு நாள் மகள் போனில் எதையோ படித்துவிட்டு வந்தாள். கனவு நடக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ளப் பழகலாமாம். தெரிந்துவிட்டால், வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். அதற்குப் பகலெல்லாம் 'முழித்துத்தான் இருக்கிறேனா' என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பகலில் ஊறிப்போன பழக்கம் கனவுக்குள்ளும் தொற்றிக்கொள்ளும். சிலர் விரலை எண்ணுவார்களாம். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பார்களாம்.

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? சத்தம் கேட்டா கனவு. இதைவிடச் சுலபம் யாருக்கு இருக்கு?"

சுலபமாக இல்லை என்பதுதான் வேடிக்கை. கனவில் ரேடியோ பாடும். இவளும் கூடவே முணுமுணுப்பாள். கணவர் தும்முவார், "துண்டை எடுத்து மூக்கை மூடுங்க" என்று அதட்டுவாள். சேலையில் கறை என்று சண்டைக்கு வருகிற அம்மாளுக்கு வார்த்தைக்கு வார்த்தை பதில் கொடுத்து ஜெயித்தும்விடுவாள். எல்லாம் காதில் விழுகிறதே என்பது மட்டும் உறைக்காது. காலையில் எழுந்து நெற்றியில் அடித்துக்கொள்வாள். "அட மக்கு! அந்தப் பொம்பளை அந்தக் கத்துக் கத்தினாளே, அப்பக்கூடவா புரியல?"

துணிகளில் அடையாளச் சீட்டு குத்துவது கணவரின் வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். "கனவுலயும் கடைதானா? ஒரு கடல், ஒரு மலைன்னு போயிட்டு வரக்கூடாதா?" என்பார், உதட்டை நன்றாக அசைத்து.

"நீங்க ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருந்தா கனவுல வந்திருக்கும்."

மனிதர் சீட்டு குத்தப் போய்விடுவார்.

வாடிக்கைக்காரர்களும் இப்போது பழகிவிட்டார்கள். "முழிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணி மூட்டையைக் கொடுக்கிறார்கள்.

முதலில் பலித்தது ஒரு மதியத் தூக்கத்தில். பின்னறையில் போர்வை மூட்டைமேல் கண்ணயர்ந்திருந்தாள். கனவில் பெட்டியை வைத்தாள். 'ணங்.' "கேக்குது!" என்று அலறினாள். அலறல் நிஜமாகவே வெளியே வந்துவிட்டது. கணவர் விழுந்தடித்து ஓடி வந்தார். கையில் கிடைத்த கனவு அத்தோடு போயிற்று. சாயங்காலம் வரை அழுதாள்.

"சந்தோஷப்பட்டா முழிப்பு வந்துடும்மா" என்றாள் மகள். "கையைத் தேய்ச்சுக்கிட்டுச் சும்மா நில்லு."

"உன் குரலைக் கேக்கப் போறேன். சந்தோஷப்படாதேன்னா எப்படிடி?"

மகள் தயங்கினாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. கனவுல வரப்போறது என் குரல் இல்லம்மா. நீயா உண்டாக்கிக்கறது."

தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னையே நான்தான் உண்டாக்கினேன். ஒரு குரல் உண்டாக்க வராதா எனக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி 'ணங்.' இந்த முறை அலறவில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். கனவு நிலைத்தது. கடை வாசலில் மகள். "பேசுடி. உன் வயசுக்குப் பேசு" என்றாள். மகள் பேசினாள்.

எழுந்தவள் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள். மகள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கணவர் கதவோரம் நின்றிருந்தார்.

"கேட்டேன்" என்றாள். முகத்தில் சந்தோஷமில்லை. "ஏமாந்துட்டேன்டி. அது என் குரல். காது போறதுக்கு முன்னால எனக்கு இருந்த குரல். நீ வாயைத் திறந்தே, நான் பேசினேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அருகில் வந்து, மனைவியின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

"இவ ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன் பண்ணுவாளே" என்றார் நிறுத்தி நிறுத்தி. "இன்னிக்கும் ஒரு நிமிஷம், அந்தப் பழைய குரல்ல நீதான் கூப்பிடறேன்னு நினைச்சுடுவேன்."

அவள் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவே."

"இப்ப மட்டும் சிரிக்கறேனாக்கும்?"

கண்ணைத் துடைக்கவில்லை. மகளின் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேடைமேல் வைத்தாள். "பேசு" என்றாள்.

திடீரென்று பேசச் சொன்னால் எதைப் பேசுவது? மகளுக்கு வாயில் வந்தது ஆபீஸில் தினமும் சொல்வதுதான். "வணக்கம். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

தாய் ஒரு கையை மகளின் தொண்டையில் வைத்தாள். இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, மகளின் உதட்டைப் பார்த்துப் பார்த்து அதையே தானும் சொல்ல ஆரம்பித்தாள்.