ஷெட்டைப் பூட்டியும் ஆறாத சிவப்பு

ஓணப் பரீட்சை முடிந்த வாரம், என் மகள் ஜெனியின் விரல் முட்டுகள் சிவந்து தடித்தன. கேரளத்து வெள்ளறடையில் எங்கள் வீட்டு ஷெட்டில், ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பதுண்டு.

"ஆசிட்டுல கை வச்சியா மக்கா?"

"தொடவே இல்லப்பா."

நம்பாமல் ஷெட்டைப் பூட்டினேன். அடுத்த மாதம் இமைகளும் ஊதாவாயின. "சாயம் பூசினதாக்கும்" என்றேன்.

ஒருநாள் பஸ் படியில் காலைத் தூக்க முடியாமல் அழுதாள். "தலை சீவவும் கை தூக்க முடியல்லப்பா."

ஷெட்டின் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு ஆசிட் எப்படி? அன்றே மருத்துவமனைக்குப் போனோம். தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும், குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் அழற்சி நோய் என்றார் டாக்டர்.

மருந்தில் தேறிவிட்டாள். இப்போது அவள் சொல்லை நம்புகிறேன், நோயைத்தான் நம்புவதில்லை. தினமும் அவள் பஸ் ஏறுவதைப் பார்த்து நிற்கிறேன்.

"ஏறியாச்சு போலீசே, வீட்டுக்குப் போங்க!" என்கிறாள்.