ஏகாம்பரம் அண்ணனின் பூனைக் கூடை

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏகாம்பரம் அண்ணனின் மகள் மல்லிகா. "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். வாயில் நுரையோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எப்போது, எப்படி என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளே சொன்னாள்: தூக்கத்திலேயே போயிருக்கிறார், முகத்தில் ஒரு வலியும் தெரியவில்லையாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டிய ஒன்றை நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி டிப்போவில் வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளிமலை வண்டியை அவர் ஓட்ட, ஒன்பது வருஷம் நான் அதில் கண்டக்டராக இருந்தேன். சாயங்காலம் மலையேறி, இரவு அங்கேயே தங்கி, காலையில் இறங்குகிற வண்டி. வளைவு வருமுன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார், நிற்கிறவர்கள் கம்பியைப் பிடித்திருக்கிறார்களா என்று. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், அவ்வளவுதான். அது திட்டுவதைவிட மோசம்.

அந்தப் பூனை வந்ததே எங்கள் வண்டியில்தான். வெள்ளிமலையிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, ஓட்டை போட்ட மரப்பெட்டி ஒன்றை ஏற்றிவிட்டார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்வார் என்றார். நானும் லக்கேஜ் டிக்கெட் போட்டேன். யாரும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து பச்சைக் குழந்தை வீறிடுகிற மாதிரி ஒரே அழுகை. டைம் கீப்பர் அரண்டுபோய்த் திறந்து பார்த்தால் ஓர் ஆண் பூனை. சந்தன நிற உடம்பு, கரி பூசின முகம், கொஞ்சம் மாறுகண்ணான நீலக் கண்கள். வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. நாலு நாள் டைம் ஆபீசில் கிடந்தது. ஐந்தாம் நாள் ஏகாம்பரம் அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், கண்ணின் நிறத்துக்காகத் துரை என்று பேர் வைத்தார்.

பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, ஒரு பீடி பிடித்துவிட்டுப் புறப்படுகிற டிரைவர்கள்தான் எங்கள் டிப்போவில் பாதிப் பேர். அண்ணனைக் கிண்டல் செய்தே ஓய்ந்துபோனார்கள். கால்நடை மருத்துவர் மட்டும் துரையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இது சயாம் தேசத்துப் பூனை, புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி என்றார். அந்த மார்கழியில் துரைக்கு முகமும் காலும் வாலும் மேலும் கறுத்துப்போயின. டீசல் புகை ஒட்டிக்கொண்டது என்று அண்ணி பச்சையம்மாள் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். கறுப்பு போகவில்லை. அண்ணியின் கைதான் கீறலாகிப் போனது. குளிர் பட்டால் கறுக்கிற இனம் இது, உங்கள் மலைக் குளிர் செய்த வேலை என்று மருத்துவர் சிரித்தார்.

மலைக்குளிர் அதற்கு எப்படி என்கிறீர்களா? துரை அண்ணனை விட்டு இருக்காது. அவர் டியூட்டிக்குப் போன இரவெல்லாம் அது அழுத அழுகையில், யாரோ பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று தெருவே கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் மூடி போட்ட மூங்கில் கூடை ஒன்றை வாங்கினார். இன்ஜின் சூடு வருகிற பானட்டுக்குப் பக்கத்தில் கூடையை வைத்து மேலே துண்டைப் போடுவார். தினமும் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்வார். பூனைக்குப் போய் எதற்கண்ணே என்றால், "அதுவும் ஒரு எடத்த அடச்சிக்கினுதான வருது. போடு" என்பார். அப்படிப்பட்ட மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை துரைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு எடுத்துவிட்டு, கருவாடு ஆகாது, தண்ணீர் நிறையப் போக வேண்டும், மறுபடி அடைத்தால் ஒரே நாள்தான் கெடு என்றார். அன்றிலிருந்து மல்லிகாவுக்குப் பால் புகட்டிய பாலாடைச் சங்கு பூனைக்குப் போனது. வெள்ளிமலையில் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் முதலில் செய்கிற வேலை, பூனையை மடியில் கிடத்திப் பாலாடையால் தண்ணீர் புகட்டுவது. மலைக்காரப் பெண்கள் கூடி நின்று பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு வாரம் முழுக்க மறியல். புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளியிருந்ததால் எங்கள் வண்டி வெள்ளிமலையிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் துரைக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. வயிறு கல்லாக இருந்தது. விடிந்தும் விடியாமலும் அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே போனேன். மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்து சேரும்போது உச்சி வெயில். அதற்குமேல் அவர் நொண்டி நொண்டித்தான் நடந்தார். கால் கொப்புளித்து ரத்தம் கசிந்தது.

அடுத்த ஊரில் ரோட்டில் கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அண்ணன் கொஞ்சம் தள்ளி பம்பு செட்டில் முகம் கழுவப் போனார். கூடை என் கையில். துண்டுக்கு அடியில் துரை ஈனமாக அழுதது. வயதான ஒருவர் எழுந்து வந்து, "இன்னாப்பா, கொழந்தையா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "ஆமாங்க. நேத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போவலங்க. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கினு போறோம்" என்றேன்.

பெரியவர் ஊருக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு சைக்கிள் வந்தது. ஒன்றை ஓட்டிவந்தவர் இருபத்தைந்து வயது வேலாயுதம். அண்ணனையும் கூடையையும் அவர் ஏற்றிக்கொண்டார், இன்னொன்றை எனக்குக் கொடுத்தார்கள். புறப்படும்போது, கொழந்தைய பத்திரமா கூட்டிக்கினு போ என்று பெரியவர் சொன்னார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்திலும் வேலாயுதம் கூடையை வாங்கி, துண்டு நழுவாமல் இரண்டு கையாலும் ஏந்தி அந்தப் பக்கம் வைத்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்ததும் வேலாயுதம் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். அண்ணன் சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கினார். "தம்பி, இது கொழந்த இல்ல. பூன. நாந்தான் பொய் சொன்னேன்" என்றார். வேலாயுதம் துண்டை விலக்கிப் பார்த்தார். பிறகு, "எம்புள்ள ஜொரத்துல கெடக்குதுங்க. கொழந்தன்னு சொன்னதால அத வுட்டுட்டு வந்தேன்" என்றார். சைக்கிளைத் திருப்புவதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மரம் வெட்டினவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காக்கி உடுப்பில் இருந்த எங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் ஏற்றினார்கள்.

அண்ணன் கூடையை என் கையில் திணித்தார். "நீ இத எத்துக்கினு போ" என்றவர், கொப்புளம் உடைந்த காலோடு ஜீப் போன பக்கம் ஓடினார். துரை பிழைக்குமா என்றுகூடப் பார்க்காமல் ஓடினார். நான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருத்துவர் குழாய் விட்டார், துரை பிழைத்தது. நாங்கள்தான் பொய் சொல்லி வேலாயுதத்தை அழைத்துவந்தோம் என்று அண்ணன் ஸ்டேஷனில் பொழுது சாயும்வரை சொல்லிப் பார்த்திருக்கிறார். வேலாயுதம் இரண்டு மாதம் கடலூர் ஜெயிலில் இருந்தார்.

மறுநாளே அண்ணன் அந்த ஊருக்கு நடந்துபோய் வேலாயுதத்தின் மனைவி தனத்திடம் நடந்ததைச் சொன்னார். அவள் மண்ணை வாரி இறைத்துத் திட்டினாளாம். நின்று கேட்டிருக்கிறார். பிறகு காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தை தேறியது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு ஓய்வு நாளிலும் தாயையும் பிள்ளையையும் கடலூருக்கு அழைத்துப்போய் வேலாயுதத்தைப் பார்க்க வைத்தார்.

ஒருநாள் வெள்ளிமலையில் அண்ணனிடம், பொய் சொன்னது நான்தான் என்று வேலாயுதத்திடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பூனைக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எனக்காவத்தான சொன்ன, முருகேசு? அப்போ அது எம்பொய்தான். வுடு" என்றார். விட்டுவிட்டேன். அவர் சொன்னதால் விட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

விடுதலையான வேலாயுதம் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தார். பூனையைப் பார்க்க வேண்டும் என்றார். யாரிடமும் போகாத துரை அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது. அதன்பின் பொங்கலுக்குப் பொங்கல் கரும்புக் கட்டோடு வருவார். துரை கிழமாகி, நீலக் கண்ணில் புரை விழுந்து, கடைசி மாதங்களில் அந்தப் பாலாடைத் தண்ணீரில்தான் உயிரோடு இருந்தது. செத்த அன்று வேலாயுதம்தான் குழி வெட்டினார். நான் ஊதுவத்தி கொளுத்தினேன்.

சாவு வீட்டுக்கும் வேலாயுதம் வந்திருந்தார். அன்று காய்ச்சலில் கிடந்த மகன், இப்போது மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "என்னிய ஏமாத்துனவரும் இவுருதான். ஏமாத்திட்டேன்னு எம்மூஞ்சிக்கி நேரா சொன்னவரும் இவுருதான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாலையோடு நான் பக்கத்திலேயே நின்றேன். ஏமாற்றியவர் என்ற பேரோடுதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

மல்லிகா அந்தக் கூடையை எனக்குக் கொடுத்துவிட்டாள். மூடி பிய்ந்திருக்கிறது. துரை நகத்தால் பறண்டிய இடம் அப்படியே இருக்கிறது. அண்ணன் நினைவாக அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் எனக்காக வைத்திருந்த இன்னொன்றை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வேலாயுதம் வருகிறார். நான் எழுதிய இதை அண்ணன் படத்துக்கு முன்னால், உங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு நானே நின்று படிக்கப் போகிறேன்.

வேலாயுதம், அந்த மரத்துக்குப் பக்கத்தில் குழந்தை என்று சொன்னது அவர் இல்லை. நான்.