ஐஸ் பெட்டி மொக்கைச்சாமிக்கு மார்கழி மாசம்

மார்கழி பொறந்துட்டா எங்க ஊர்ல ரெண்டு பேருக்கு வேலை கூடிரும். ஒருத்தன் கோயில் மைக் செட்டுக்காரன். இன்னொருத்தன் மொக்கைச்சாமி. மத்தவன் பூராம் வெயில் ஏறட்டும்னு உக்காந்துருப்பான். கருது அறுக்குற மிசின் கூட வரப்போரமா சும்மா நிக்கும். பனியில நனைஞ்ச கருத உள்ள விட்டா அடைச்சுக்கிரும்ல. மாட்டுக்குச் சாக்கு, மனுசனுக்குக் குல்லா, டீக்கடை அடுப்பச் சுத்திக் கூட்டம்.

இதெல்லாம் ஒரு குளிரான்னு வடக்க இருக்கவன் சிரிப்பான். சிரிக்கட்டும். காலம்பூரா நாத்தங்கால்ல வெறும் ஒடம்போட நின்னவன் நெஞ்சுக்குள்ள புகுந்து பாத்துட்டுச் சிரிக்கட்டும். எங்க பெருசுகளுக்கு இழுப்பு கூடுறது மார்கழியிலதான். விடியக்கருக்கல்ல பனி எறங்கும், மூச்சு ஏறாது. தெருவுக்கு ஒரு ஆளு விழும். ஒடனே மொக்கைச்சாமி போனு அடிக்கும்.

பொணத்த வைக்கிற கண்ணாடி மூடி போட்ட பிரீசர் பெட்டி இருக்குல்ல, அத வாடகைக்கு விடுறவன் அவன். ஊர்ல அதுக்குப் பேரு ஐஸ் பெட்டி. அவனுக்கும் அதே பேருதான். அலங்காநல்லூர்ப் பக்கம் எங்க ஊரு. சுத்துப்பட்டுல எங்க எழவுன்னாலும் அவன் பெட்டிதான் போகும். ஒரு பெட்டி, அத ஏத்திட்டுப் போக ஒரு பழைய வேன். அம்புட்டுதான் கம்பெனி.

அவன் அப்பன் சோணைமுத்து. மேலத்தெருவுல எவன் செத்தாலும் ஊர் ஊராப் போயி சொந்தக்காரங்களுக்குக் கேதம் சொல்லணும், வாசலுக்கு வெளிய நின்னு கொட்டடிக்கணும். கூலி கெடையாது. கட்டாயம். எங்க கூலிக்காரங்க சங்கம் அத நிறுத்துச்சு. "இனி எங்க ஆளு எவன் வீட்டுச் சாவுக்கும் கொட்டடிக்க மாட்டான்"னு நோட்டீஸ் அடிச்சு ஊர்ச் சாவடியிலயே ஒட்டுனோம். எழுதுனவன் நான். அந்த ஆளு மகன் பெட்டி வாங்கிட்டு வந்து நிக்கிறான்னா எனக்குக் கோவம் வராதா?

"ஏன்டா, உங்கப்பன அதுல இருந்து பிடுங்கி எடுத்தோம். நீ வேன் வச்சுக்கிட்டு அங்கயே போறயா?"

அவன் துடைச்சுக்கிட்டு இருந்த துணியப் பிழிஞ்சான். "அப்பா வாசலோட நின்னாருண்ணே. நான் நடுவீடு வரைக்கும் போறேன்."

"யாரு விட்டா?"

"பிளக் பாயிண்ட் அங்கதானண்ணே இருக்கு."

 எங்க போராட்டம் நுழையாத வீட்டுக்குள்ள ஒரு பிளக் பாயிண்ட் அவனக் கூட்டிட்டுப் போயிருச்சு.

அவன் பெட்டி வாங்குனதுக்குக் காரணம் வேற. பொண்டாட்டி நாகஜோதி ஒரு மார்கழியிலதான் போச்சு. அன்னைக்கு எந்தப் பெட்டியும் கெடைக்கல. மக தமிழ்வாணி கோயம்புத்தூர்ல படிச்சுக்கிட்டு இருந்தா. பஸ் மாறி மாறி அவ வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. பிள்ளை ஆத்தா மொகத்தப் பாக்கல. காரியம் முடிஞ்ச கையோட அவன் இருந்த நகையெல்லாம் வித்துப் பெட்டி வாங்கிட்டான். யாரையும் கேக்கல.

மக இப்ப மதுரை செல்லூர்ல. போன ஆவணியில கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை சிவக்குமார் தறிப் பட்டறை வச்சுருக்கான், நல்ல பையன். அவன் ஆத்தா செல்லக்கிளிக்குத்தான் மனசு ஒப்பல. "தொழில நான் குறை சொல்லல சம்பந்தி. அந்த வண்டி மட்டும் எங்க சந்துக்குள்ள வரக்கூடாது"ன்னு பந்தியில வச்சே சொல்லிருச்சு. வண்டிய மட்டும்தான் சொல்லுச்சு. இவன் தன்னையும் சேத்துச் சொன்னதா எடுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறல. மகளப் பாக்கணும்னா சிம்மக்கல் பஸ் ஸ்டாப்புக்கு வரச்சொல்லுவான். ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே டீ குடிப்பாங்க. அவ பஸ் வந்ததும் இவன் திரும்பிருவான்.

ஒண்ணு இங்க சொல்லியாகணும். இல்லன்னா பின்னாடி நடந்தது வெளங்காது. எழவு வீட்டுக்கு வந்தவன யாரும் "வாங்க"ன்னு கூப்பிட மாட்டோம். கெளம்புறவனும் "போயிட்டு வாரேன்"னு சொல்லக்கூடாது. சொன்னா மறுபடி அந்த வீட்டுல ஒரு எழவுக்கு வாரேன்னு அர்த்தம். துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் பேசாமப் போகணும். ஊர்க்காரன் எல்லாருக்கும் இது வருசத்துல நாலு நாள். மொக்கைச்சாமிக்குப் பனிக்காலம் பூராம். ஒரு வீட்டுல எடுப்பான், அடுத்த வீட்டுல எறக்குவான். யாரும் வான்னு சொன்னதில்ல, அவன் வாரேன்னு சொன்னதில்ல. நல்லது நடக்குற வீடுகளுக்கு யாரும் கூப்பிடுறதும் கெடையாது. காதுகுத்துக்குப் பத்திரிகை வச்சுட்டு, "வேலையா இருந்தா வரணும்னு இல்லப்பா"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

இந்த வருசம் தலைப்பொங்கல். மகளுக்குச் சீர் கொண்டு போகணும். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, கரும்புக் கட்டு, சேல வேட்டி. போகிக்கு மொத நாளே தமிழ்வாணி போன் பண்ணிச் சொல்லிட்டா: "அப்பா, அத்தையே ஒன்ன வரச் சொல்லிருக்கு. பஸ்ஸுல வா. ஒரு தடவ வந்து மரியாதையா இருந்துட்டுப் போயிட்டேன்னு வையி, அப்புறம் நீ எப்ப வேணாலும் வரலாம். சிம்மக்கல்ல நின்னுக்கிட்டே டீ குடிக்க வேண்டாம்ப்பா."

அவன் முடி வெட்டிக்கிட்டான். மக கல்யாணத்துக்கு அப்புறம் அவன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டது அன்னைக்குத்தான்.

மேலத்தெரு பெரிய வீட்டுல போகிக்கு மொத நாளே கெழவர் போயிட்டாரு. மகன் ராஜபாண்டி துபாயில. போகியன்னைக்குக் காலையில வந்துருவான், ஒம்போதுக்கு எடுத்துரலாம்னு பேச்சு. மொக்கைச்சாமி கணக்குச் சரிதான்: பெட்டிய எடுத்து வச்சுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் செல்லூர். ஆனா அன்னைக்கு விழுந்த பனி இருக்கே, எதுத்த வீட்டுச் சுவரு தெரியல. சென்னையில இருந்து ராஜபாண்டி வந்த பிளைட்டு மதுரைக்கு மேல வட்டமடிச்சுட்டு எறங்க முடியாமத் திருச்சிக்குப் போயிருச்சாம். அங்க இருந்து கார் பிடிச்சு வரணும்.

நான் போறப்ப மொக்கைச்சாமி வெள்ளைச் சட்டையோட பெட்டி பக்கத்துல குத்தவச்சு உக்காந்துருந்தான். எங்க ஊர்ல கரண்டு விட்டு விட்டு வரும். ஆள் பக்கத்துலயே இருக்கணும்.

"பெட்டிய எடுத்துட்டுப் போயிருடா. குளிருதானே, மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

"தாங்காதுண்ணே. தாங்குனாலும் மொகம் மாறிரும்." கண்ணாடியில படிஞ்ச ஈரத்தத் தொடச்சான். "தமிழ்வாணி பாக்காமப் போயிட்டா. இந்தாளு மகனாவது பாக்கட்டும்."

"அப்பச் சீரு?"

 அவன் கண்ணு சுவர்க் கடிகாரத்துல இருந்துச்சு.

"சொல்லிக் குடு, நான் இருக்கேன்."

"நீங்களா? இந்த வீட்டுலயா?"

"கூலிப் போராட்டத்துல இந்த வீட்டு வாசல்ல மூணு நாள் உக்காந்துருக்கேன். உள்ள உக்கார மாட்டனா? பொத்தானக் காட்டுடா."

செவப்பு லைட் எரிஞ்சா எத அமுக்கணும், தண்ணி வாளி நெறஞ்சா எங்க ஊத்தணும், எல்லாம் ரெண்டு தடவ சொன்னான். வாசல் வரைக்கும் போயிட்டு மறுபடி வந்து ஒயரத் தொட்டுப் பாத்தான். தொணைக்கு யாருமில்ல. சீர் கொண்டு போறவன் கூடப் பங்காளி நாலு பேரு போகணும். பொங்க நேரத்துல ஐஸ் பெட்டிக்காரன் கூட எவன் போவான்?

பஸ்ஸுல கரும்பப் பாத்துட்டுக் கண்டக்டர் கத்திருக்கான். "யோவ், இது பஸ்ஸா, கரும்புத் தோட்டமா?"

"மகளுக்குத் தலைப்பொங்கச் சீருண்ணே."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானய்யா! ஏய் தம்பி, கால மடக்கு, சீரு வருது!"

செல்லூர்ல நடந்தத தமிழ்வாணி பின்னாடி எங்கிட்டச் சொன்னா. கரும்பத் தோள்ல வச்சுக்கிட்டு, பானையக் கையில பிடிச்சுக்கிட்டு, தறிச் சத்தத்துக்கு ஊடால அவன் சந்துக்குள்ள வந்துருக்கான். செல்லக்கிளி வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தி, வாங்க"ன்னு சொல்லிருக்கு. இவன் திரும்பிப் பின்னாடி பாத்தானாம், யாரச் சொல்லுதுன்னு.

எல்லாம் நல்லாத்தான் போயிருக்கு. எலையில கறிக்கொழம்பு, ரெண்டு தடவ சோறு. செல்லக்கிளி சீர் பானையத் தட்டிப் பாத்துட்டு, "கீறல் இல்லாம நல்ல பானையாத்தான் எடுத்துருக்கீக"ன்னு சொல்லிருக்கு. அந்த அம்மா வாயில அது பெரிய பாராட்டு. அவன் சிரிச்சுக்கிட்டே பேரன் பேத்தி வரைக்கும் பேசிருக்கான். மகளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. எப்ப வேணாலும் வரலாம், கதவு தெறந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டா.

கை கழுவுனான். துண்ட எடுத்தான், ஒதறுனான், தோள்ல போட்டான். யாரு மொகத்தையும் பாக்காம வாசல் எறங்கிப் போயிட்டான்.

ஒரு வார்த்தை இல்ல.

வீடே அப்படியே நின்னுருச்சு. செல்லக்கிளி கையில வெத்தலத் தட்டு. "என்னடி உங்கப்பன்? எங்க வீட்டுல என்ன எழவா விழுந்துருச்சு? தலைப்பொங்கலும் அதுவுமா, துண்ட ஒதறிட்டுப் போறாரு?"

தமிழ்வாணி செருப்பு கூடப் போடாம ஓடிருக்கா. சந்து முக்குல பிடிச்சுட்டா. "அப்பா! சொல்லாமப் போறயேப்பா!"

"என்னத்தம்மா?" அவனுக்கு மெய்யாவே வெளங்கல. அவ மொகத்தப் பாத்தான். தோள்ல கெடக்குற துண்டத் தொட்டுப் பாத்தான். அப்புறம்தான் ஒறச்சிருக்கு. அங்கன ஒரு வீட்டுப் படியில உக்காந்துட்டான். "பாவிப்பய நான் என்னடி பண்ணிட்டேன்... வேணும்னு பண்ணலடி. வாய் மறந்துருச்சு."

"எந்திரிப்பா. வா."

"எப்படிம்மா வாரது அந்த மொகத்துல முழிச்சுக்கிட்டு?"

"நீ வரலைன்னா நான் என்னைக்கும் சிம்மக்கல்லதான்ப்பா நிக்கணும்."

எந்திரிச்சான். வாசல்ல செல்லக்கிளி நின்னுக்கிட்டு இருந்துச்சு. இந்தத் தடவ வாங்கன்னு சொல்லல. "சகுனம் கெட்டுப்போச்சு. உள்ள வந்து உக்காந்து, தண்ணியக் குடிச்சுட்டு, மொறையாச் சொல்லிட்டுக் கெளம்புங்க."

உக்காந்தான். தமிழ்வாணி சொம்புல தண்ணி குடுத்தா. பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எந்திரிச்சு நின்னான். வாயத் தெறந்தான். வரல. ரெண்டாவது தடவதான் வந்துச்சு. "போயிட்டு வாரேன்."

  சிவக்குமார்தான், "வாங்க மாமா, அடிக்கடி வாங்க"ன்னுருக்கான். செல்லக்கிளி பானைய எடுத்துக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு.

இங்க சாயங்காலம் ஆயிருச்சு. ராஜபாண்டி வந்து அப்பன் மொகத்தப் பாத்துட்டுக் கதறுனான். எடுத்துட்டுப் போயிட்டாங்க. பெட்டியத் தூக்கி முத்தத்துல வச்சுட்டு நடுவீடு கழுவிக்கிட்டு இருந்தாங்க. நானும் அதுங்கூட முத்தத்துல உக்காந்துருந்தேன். நாள் பூராம் அந்த வீட்டுல எனக்கு ஒருத்தன் மொகம் குடுக்கல. என் எதிரி வீடுதான், மொகம் குடுக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் போனேன். ஆனாலும் ஒரு நாளுக்கே எனக்கு முதுகு கூசிருச்சு.

மொக்கைச்சாமி வந்தான். வெள்ளைச் சட்டையக் கழட்டி வேன்ல போட்டான். ரெண்டு பேருமாப் பெட்டிய ஏத்துனோம். துண்ட ஒதறித் தோள்ல போட்டான். அங்க அதுதான் மொற. கம்மாக்கரைக்குப் போயி, ஐஸ் மாதிரி இருந்த தண்ணிய மோந்து மோந்து ஊத்திப் பெட்டியக் கழுவுனான்.

"செல்லூர் எப்படிடா இருந்துச்சு?"

"நல்ல சாப்பாடுண்ணே"ன்னான். அதோட நிறுத்திக்கிட்டான்.

பொங்கல் போச்சு. செல்லூர்ல இருந்து அழைப்பு வரல. கோவமும் வரல. தமிழ்வாணி மட்டும், "கொஞ்ச நாள் போகட்டும்ப்பா"ன்னு சொல்லிருக்கா. தையிலயும் பனி விடல. பெருசுக விழுந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

போன வாரம் விடிஞ்சும் விடியாம டீக்கடைக்குப் போயிக்கிட்டு இருந்தேன். மொக்கைச்சாமி வீட்டத் தாண்டுறப்ப உள்ள பேச்சுக் குரல். "போயிட்டு வாரேன்." ரெண்டு தடவ. அட, செல்லூர்ல இருந்து மக வந்துருக்காளான்னு நின்னேன். அவன் தனியா வெளிய வந்து கதவப் பூட்டுனான்.

"உள்ள யாருடா?"

"யாருமில்லண்ணே."

"பின்ன யாருகிட்டச் சொன்ன?"

சாவிய மடியில சொருகுனான். "மறுபடி கூப்பிட்டாங்கன்னா வாய்க்கு வரணும்லண்ணே."

மேக்க ஒரு ஊர்ல எழவு. வேன் குளிர்ல மக்கர் பண்ணுச்சு. நான் பின்னால இருந்து தள்ளி விட்டேன். கெளம்புறப்ப கண்ணாடிய எறக்கி, "வாரேண்ணே"ன்னான்.

"வாடா"ன்னேன். பனிக்குள்ள வேனோட பின் லைட்டு கொஞ்ச தூரம் தெரிஞ்சுச்சு.